தார்வுக்கு என்ன வேண்டும்?

தார்வ் என்ற வாயிற்காவலனின் அட்டையில் கடைசி வரியை மட்டும் நான் ஏழு முறை அழித்து எழுதியிருக்கிறேன். ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் மெலிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் என் விரல் தெரிகிறது.

அட்டை எழுதுவது என் வேலை. என் அண்ணன் ஐவின் எழுதுவது வாளும் அரியணையும் பனிமலையும் நிறைந்த ஒரே நீண்ட கற்பனைக் காவியம். ஏழு பாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். நானூறு பேருக்கு மேல் வந்து போகிறார்கள். யாருக்கு எந்தக் கண்ணில் தழும்பு, யார் யாரிடம் என்ன சத்தியம் செய்தார்கள் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில் நிற்காது. இரண்டாம் பாகத்தில் செத்த குதிரை மேல் ஏறி ஒருவன் நான்காம் பாகத்தில் போருக்குப் புறப்பட்டான். நான்தான் அவனை இறக்கிவிட்டேன். ஆளுக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். கண், கை, குதிரை, காயம் எல்லாம் பேனாவில் எழுதுவேன். 'இவனுக்கு என்ன வேண்டும்?' என்ற கடைசி வரியின் பதிலை மட்டும் பென்சிலில் எழுதுவேன், ஏனென்றால் அது மாறும்.

தார்வின் வரி மாறியதுபோல யாருடையதும் மாறியதில்லை. முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே அவன் வடகோட்டையின் வாசலை எதிரிக்குத் திறந்துவிடுகிறான். மன்னனின் எட்டு வயது மகள் மிர்யா செத்துப்போகிறாள். அப்போது நான் எழுதியது 'பொன்'. இரண்டாம் பாகத்தில் பொன் பொருந்தவில்லை, எதிரியிடம் பிணையாக இருந்த மனைவிக்காகத் திறந்தான் என்று ஆனது. அடுத்து மன்னன் மேல் பழைய வன்மம். அதற்கப்புறம், உள்ளே பசியில் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காகத் திறந்தான் என்று வந்தபோது, வாசகர்கள் அவனுக்காக அழவே ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாம் பாகம் முடியும்போது அவனுக்கே ஏன் திறந்தோம் என்று தெரியவில்லை.

இதைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். இந்த நாவலில் கெட்டவன் என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை, அத்தனை பேருக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து ஒரு பெண் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். பத்திரிகைகளில் ஆழம் ஆழம் என்றார்கள். ஆழமாவது மண்ணாங்கட்டியாவது! என் அண்ணன் ஒரே கேள்வியை ஏழு பாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், பதில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பதில் எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, ஐவினின் மகள் சோல்வை கடலில் மூழ்கி இறந்தாள். அவளுக்கும் எட்டு வயதுதான். வீட்டுக்குக் கீழே, கரையில் எங்கள் படகுக்கொட்டகை இருக்கிறது. உள்ளே சின்னத் துடுப்புப் படகைச் சரிவில் ஏற்றி வைத்திருப்போம். ஒரு குழந்தை தள்ளினால்கூட இறங்கிவிடும். அதனால்தான் கதவின் உச்சியில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில், ஒரு மரத்தாழ் போட்டிருந்தது. கடைசியாக வெளியே வருகிறவர் தாழைத் திருப்பிவிட்டு வர வேண்டும். எங்கள் அப்பா காலத்துச் சட்டம் அது. அன்று தாழ் திரும்பியிருக்கவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு எங்கள் தம்பி யோஸ்டைன் வலை இழுத்துவிட்டு வந்து படகை ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். இருபத்தேழு வயது அவனுக்கு. பிற்பகலில் போலீஸ்காரர் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டார்.

"கொட்டகைக்குக் கடைசியா போனது யாரு?"

"நான்தான்," என்றான் யோஸ்டைன்.

"தாழ் போட்டியா?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

ஐவின் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு யோஸ்டைனோடு அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

யோஸ்டைன் தாழ் போட்டுத்தான் இருந்தான். பத்து மணிக்கு அந்தத் தாழைத் திறந்தவள் நான். பள்ளி விடுமுறைக்கு இந்தத் தீவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன், மதியச் சமையல் என் பொறுப்பு. உப்பு ஹெர்ரிங் மீன் பீப்பாய் கொட்டகையில்தான் இருந்தது. நீலக்கோடு போட்ட பாத்திரத்தில் ஆறு மீன் எடுத்தேன். இரண்டு கையும் பாத்திரத்தில். இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்தினேன், இதை உள்ளே வைத்துவிட்டு வந்து தாழ் போடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் கால் வைக்கும்போது தொலைபேசி அடித்தது. நான் நூலகப் பொறுப்பு பார்த்த பள்ளியிலிருந்து, அடுத்த வருடத்து வேலை நேரம் பற்றி. பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். பொன்னும் இல்லை, வன்மமும் இல்லை, பசித்த ஜனமும் இல்லை. மறந்துவிட்டேன்.

போலீஸ்காரர் கேட்டபோது நான் அடுப்படியில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். யோஸ்டைன் முந்திக்கொண்டான். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, சவப்பெட்டி வந்தது, சோல்வையின் அம்மா பெர்கன் நகரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவேயில்லை. ஐவின் மட்டும் அந்த மேசையில், அந்த மீன் பாத்திரத்தையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று யாரும் அதைத் தொடவில்லை. மறுநாள் நான் சாப்பிட்டேன். எனக்குப் பசித்தது.

சொல்லத்தான் இந்தத் தீவிலேயே தங்கினேன். அப்புறம் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டால் கொஞ்சம் பாவம் கழியும் என்று தங்கினேன். அவன் எழுத ஆரம்பித்த பிறகு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ராக்னிலுக்கு, அவள் இல்லாமல் ஒரு வரியும் இல்லை' என்று என் பெயரை அச்சில் பார்த்த பிறகு, அது பிடித்துப்போய்த் தங்கினேன். என் அட்டையை யாராவது எழுதியிருந்தால் அதுவும் மெலிந்துதான் போயிருக்கும்.

முதல் பாகத்திலேயே நான் பிடிபட்டிருக்க வேண்டும். மிர்யா செத்த அத்தியாயத்தில் மன்னன் மேசை முன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே நீலக்கோடு போட்ட பாத்திரம், அதில் ஆறு மீன். ஐவின் தெரிந்து எழுதவில்லை. கண் பார்த்ததைக் கை எழுதியிருந்தது. மன்னர்கள் வெள்ளித் தட்டில்தான் சாப்பிடுவார்கள் என்று நான் திருத்தியிருக்க வேண்டும், அதுதானே என் வேலை. தொடாமல் விட்டுவிட்டேன். அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று இரண்டு லட்சம் வாசகர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

யோஸ்டைன் அக்கரைக்குக் குடிபோனான். ஒட்னி என்ற நல்ல பெண்ணைக் கட்டினான். ஃபெர்ரியில் வேலை கிடைத்தது, துறைக்கு வந்ததும் கப்பலின் முன்கதவைத் தூக்கிக் கார்களை இறக்கிவிடும் வேலை. புத்தகம் பிரபலமானதும் யார் யாரை வைத்து எழுதப்பட்டது என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? கோடையில் காரில் வரும் விடலைகள் தலையை வெளியே நீட்டி, "தார்வ், கேட்டைத் திறடா!" என்று கத்துவார்கள். "எவ்வளவு பொன்னு தருவீங்க?" என்று அவனும் சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் சிரிப்பதைப் பார்க்காமலிருக்க நான் காருக்குள்ளேயே குனிந்துகொள்வேன்.

இந்த வருடம் மே மாதம் ஒட்னி போன் செய்தாள். யோஸ்டைனுக்குக் கணையத்தில் புற்றுநோய், இலையுதிர்காலம் வரை இருந்தால் அதிகம் என்றாள்.

மறுநாளே போனேன். யோஸ்டைன் ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, கிண்டல் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"வாக்கா. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருச்சு."

"சும்மா இருடா."

"எட்டாம் பாகம் எதுல நிக்குது?"

"கடைசி அத்தியாயம்."

"அண்ணனை ஒருதடவ வரச்சொல்லுக்கா. திட்டட்டும், அடிக்கட்டும், ஒண்ணும் பேசாம அந்த நாற்காலியில உக்காந்துட்டுப் போனாலும் சரி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "ஏழு புஸ்தகத்தையும் நான் ரெண்டு ரெண்டு தடவ படிச்சேன். நான் ஏன் அப்படிப் பண்ணினேன்னு அண்ணனாவது கண்டுபிடிச்சிருப்பான்னு பார்த்தா, அவனுக்கும் தெரியல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்ததை விழுங்கிவிட்டு, அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஃபெர்ரியில் வேறு யாரோ கதவைத் தூக்கினார்கள்.

ஐவினிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தான். "இது முடியட்டும்," என்றான். "ஏன்னு தெரியாம அவன் மூஞ்சியை என்னால பார்க்க முடியாது. தார்வ் ஏன் திறந்தான்னு எழுதி முடிச்சிட்டா, அடுத்த நாளே போயிடுவேன்." அவனுக்கு அறுபத்தாறு வயது. ஒரு நாவலின் முடிவுக்காகச் சாகக்கிடக்கும் தம்பியைக் காத்திருக்க வைக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்புறம், ஆத்திரப்பட நான் யார் என்றும் தோன்றியது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினோரு மணிக்கு அவன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவான். நான் வாஃபிள் அப்பம் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி வைப்பேன். அந்த வியாழனும் வாசித்தான். கிழடாகிப்போன தார்வை மன்னனின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 'ஏன் திறந்தாய்?' என்று மன்னன் கேட்கிறான். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"இங்கதான் மூணு மாசமா நிக்குது," என்றான். "எந்தக் காரணம் வெச்சாலும் பொய்யா இருக்கு. உன் அட்டை என்ன சொல்லுது?"

என் கையில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்தேன். நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை, கதைக்குள் ஒளிந்துகொண்டு சொல்லப் பார்த்தேன். எவ்வளவு கோழை நான்!

"தார்வ் திறக்கவே இல்லன்னா?"

"அப்படின்னா?"

"அவன் தாழ் போட்டுட்டுத்தான் போனான். அவனுக்கு அப்புறம் கோட்டைச் சமையல்காரி வெளிய போனா. ஏதோ எடுத்துட்டு வந்தா, ரெண்டு கையிலயும் பாத்திரம். அப்புறம் வந்து தாழ் போடலாம்னு விட்டுட்டா. மறந்துட்டா."

ஐவின் கண்ணாடியைக் கழற்றினான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எழுதுகிறவனுக்கு வரும் வெளிச்சம்.

"மறந்துட்டா. வெறுமனே மறந்துட்டா... நல்லாருக்கே. ஏழு பாகம் காரணம் தேடிட்டு, கடைசில காரணமே இல்ல! அப்புறம்? தார்வைப் பிடிச்சப்போ அவ எங்க இருந்தா?"

"அங்கயேதான். அடுப்படில."

"ஏன் சொல்லல?"

"பயம். மொதல்ல பயம். அப்புறம் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு."

"எத்தனை நாளைக்கு?"

"கடைசி வரைக்கும். மன்னனுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு, கூடவே இருந்தா."

வெளிச்சம் போய்விட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"இல்ல ராக்னில், நிக்காது. மறந்ததை எவனும் நம்புவான். ஆனா ஒருத்தன் கண்ணு முன்னாடி அழிஞ்சு போறான், ஒரு வார்த்தை சொன்னா பொழைச்சுப்பான், இவ அதைப் பார்த்துக்கிட்டு இத்தனை வருஷம் ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாளா? நான் எவ்வளவோ கெட்டவங்களை எழுதியிருக்கேன். இப்படி ஒருத்தியை என்னால எழுத முடியாது. மனுஷங்கள்ல இப்படி ஒருத்தி கிடையாது."

"இருக்காண்ணே," என்றேன்.

"எங்க இருக்கா?"

"இங்கதான். அது நான்தான். கொட்டகைக்குக் கடைசியா போனது யோஸ்டைன் இல்ல, நான்."

அடுப்பில் வாஃபிள் கருகியது, இருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஐவின் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தான். பன்னிரண்டு மணி ஃபெர்ரியில் அவன் கார் ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இருபத்தாறு வருடங்களில் முதல் முறையாக இவன் தம்பி வீட்டுக்குப் போகிறான் என்று அழுகை வந்தது.

மாலை ஆறு மணிக்கு வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வந்தவன் நேராக என்னிடம் வந்து என் தலையில் கை வைத்தான். அப்பா இறந்தபோதுகூட அவன் என்னைத் தொட்டதில்லை.

"அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நீ பொய் சொல்றியாம்."

"என்னது?"

"நாங்க ரெண்டு பேரும் பேசணும்கிறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கிட்டியாம். 'எங்கக்கா சின்ன வயசுல இருந்தே அப்படித்தாண்ணே, நான் ஜன்னலை உடைச்சாலும் அவதான் அடி வாங்குவா'ன்னு சொல்லி அழறான்." ஐவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன், ராக்னில். மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். இவ்வளவு சுலபமா இருக்கும்னு தெரியாது."

"பொய் இல்லண்ணே. நிஜமாவே..."

"போதும்மா. நீ செஞ்சது போதும்."

அடுத்த நாள் நானே யோஸ்டைனிடம் போனேன். அவனைக் கேட்டு உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒட்னி தேநீர் போடப் போனதும், குனிந்து, தாழைத் திறந்தது நான்தான் என்று அவன் காதருகே சொன்னேன்.

"நிறுத்துக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "கயிறு இடது கையில சுத்தியிருந்துச்சு. மேல ஒரு கடற்பறவை கத்துச்சு, ரெண்டு தடவ. நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு அப்படியே நடந்துட்டேன். தாழ் நெனப்பே இல்ல. நேத்து நடந்த மாதிரி இருக்கு."

இடது கையில் சுற்றிய கயிறு, இரண்டு முறை கத்திய பறவை. இரண்டாம் பாகம், பதினோராம் அத்தியாயம். வாசலைத் திறந்துவிட்டுத் தார்வ் நடந்து போகும் காட்சி அது. இடது கையா வலது கையா என்று ஐவின் என்னிடம் கேட்டான், நான்தான் அட்டையைப் பார்த்து இடது என்றேன். என் தம்பிக்கு அன்றைய காலை நினைவே இல்லை. அண்ணன் எழுதியதைப் படித்துப் படித்து, அதையே தன் நினைவாக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

சொல்ல வாயெடுத்தேன். அவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணன் நாளைக்கும் வரேன்னிருக்கான்க்கா. எனக்குப் பிடிக்கும்னு ஞாபகம் வெச்சு, ரூபார்ப் ஜாம் கொண்டு வரேன்னான்." சின்னக் குழந்தை மாதிரி சிரித்தான். "ஒண்ணையும் கலைச்சிடாத."

நான் கலைக்கவில்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் பேசாமல் இருந்ததும் நான்தான், இப்போது பேசாமல் இருந்ததும் நான்தான். முதலாவது கோழைத்தனம், இரண்டாவது அன்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று ஃபெர்ரியில் திரும்பும்போது எனக்குள் வந்தது அதே பழைய நிம்மதி. அது எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி, என்னால் என்னை ஏமாற்ற முடியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் ஐவின் தினமும் அக்கரைக்குப் போனான். தாள்களைக் கொண்டுபோய் யோஸ்டைனுக்கு வாசித்தான். "தார்வுக்கு இன்னும் ரெண்டு நல்ல வசனம் குடுண்ணே" என்று அவன் பேரம் பேசுவானாம். ஐவின் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அவன் வைத்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. காப்பி ஊற்றித் தந்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான், வந்தவர்களிடமெல்லாம் என் தங்கை எப்பேர்ப்பட்டவள் தெரியுமா என்றான். ஒவ்வொன்றும் அறை வாங்குவதுபோல இருந்தது.

செப்டம்பர் பதினான்காம் தேதி, பட்டப்பகலில், ஐவின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே யோஸ்டைன் போய்விட்டான். அடக்கத்தன்று ஃபெர்ரிக்காரர்கள், துக்கத்துக்குக் கொடியை இறக்குவதுபோல, முன்கதவைப் பாதி இறக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மேசையில் என் இடத்தில் ஒரு புது அட்டை இருந்தது. ஐவினின் கையெழுத்து. அவன் எனக்காக அட்டை எழுதியது அதுதான் முதல் தடவை. 'கோட்டைச் சமையல்காரி. சாம்பல் நிறக் கண்கள். தார்வைக் காப்பாற்ற, தானே வாசலைத் திறந்ததாக மன்னனிடம் பொய் சொல்கிறாள். மொத்தக் கதையிலும் களங்கமில்லாத ஒரே ஆள் இவள்தான்.' கீழே, 'இவளுக்கு என்ன வேண்டும்?' என்று எழுதி இடம் விட்டிருந்தான்.

"அதை நீயே எழுது," என்றான் தன் அறையிலிருந்து. "உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

உட்கார்ந்து பார்த்தேன். இனிமேல் 'கலைச்சிடாத' என்று தடுக்க யோஸ்டைன் இல்லை. இந்த அட்டை அச்சில் போனால் இரண்டு லட்சம் பேர் என்னைக் கும்பிடுவார்கள், தம்பி குற்றவாளியாகவே மண்ணுக்குள் இருப்பான். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. பென்சிலை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். 'பொய் இல்லை. மீன் எடுக்கப் போனாள். ஆறு மீன். நீலக்கோடு போட்ட பாத்திரம்' என்று எழுதினேன். அவன் மேசையில் வைத்துவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவும் சத்தம் கேட்டது. முதல் பாகம்தான், அதன் கனம் எனக்குத் தெரியும். பக்கங்கள் புரண்டன. நின்றன. வெகுநேரம் நின்றன.

அவன் கதவருகே வந்து நின்றான். விரிந்த புத்தகம் கையில் இருந்தது.

"அன்னிக்கு இந்த மேசைல இருந்துச்சு," என்றான். "நான் அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஆமாண்ணே."

"பீப்பாய் எங்க இருந்துச்சு அப்போ?"

"கொட்டகைல."

அவன் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. யோஸ்டைன் ஆறு மணிக்கு. மதியத்துக்கான மீன் அதற்கப்புறம். ஏழு பாகம் எழுதியவனுக்கு அது ஒரு நொடி வேலை. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்ட வேண்டும் என்று விரும்பினேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. எதிரே வந்து, அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மேசையில் வைத்தான்.

"நான் அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கணும்," என்றான். "நான் போய் மன்னிச்சுட்டு வந்திருக்கேன்."

ஆறுதல் சொல்ல எனக்கு வாய் ஏது?

"கையைப் பிடிச்சுக்கிட்டு, பெரிய மனுஷன் மாதிரி, மன்னிச்சுட்டேன்டான்னு சொன்னேன், ராக்னில். அவன் எனக்கு நன்றி சொன்னான்."